சோர்ந்துபோன போதகரை யார் தாங்குவது? (விவாத இழை)

சபைச் செயலர் (இழையைத் தொடங்கியவர்)

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் போதகர் பல ஆண்டுகளாக எங்களோடு இருப்பவர். சபையார் அனைவரையும் பெயர் சொல்லி அழைப்பவர். யார் வீட்டில் மரணம் நேர்ந்தாலும் உறவினர்களுக்கு முன்பாக வந்து நிற்பவர். சில மாதங்களாக அவரிடம் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் நலம் விசாரிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். மூப்பர் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் "உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்" என்கிறார்; முன்பெல்லாம் ஒரு நாற்காலியை இடம் மாற்றுவதற்குக்கூட அவருக்கென்று ஒரு கருத்து இருக்கும். என்ன ஆயிற்று என்று நேராகவே கேட்டேன். "தேவன் நல்லவர்" என்று மட்டும் சொன்னார். அது என் கேள்விக்குப் பதில் அல்ல என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

அவருக்காக உபவாச ஜெபம் வைக்கலாம் என்று மூப்பர்களில் சிலரும், பாராட்டு விழா எடுக்கலாம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இன்னொருவர், வெளியிடத்து எழுப்புதல் கூட்டங்களில் அவரைப் பேச அனுப்பினால் பழைய உற்சாகம் திரும்பிவிடும் என்கிறார். இவற்றில் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. ஊழியத்தில் இருந்தவர்கள், இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற போதகர்

அன்பான செயலர் அவர்களுக்கு,

முதலில், கடைசி யோசனையைச் சொன்ன சகோதரரை அன்போடு தடுத்துவிடுங்கள். கொடுத்துக் கொடுத்துக் காலியானவரை இன்னொரு மேடையில் ஏற்றிக் கொடுக்கச் சொல்வது மருந்தாகாது.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை உங்கள் மூப்பர்கள் ஒருமுறை நிதானமாக வாசிக்கட்டும். எலியா தீர்க்கதரிசியைப் பற்றி நாம் பிரசங்கிக்கும்போது, பாகாலின் தீர்க்கதரிசிகளை அவன் வென்ற கர்மேல் பர்வதத்திலேயே நின்றுவிடுகிறோம். அதற்கு அடுத்த அதிகாரத்தில் அதே மனிதன் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசத்தைப் பற்றிப் போதிக்கவுமில்லை. தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவன் மறுபடியும் படுத்துத் தூங்கியபோது தூங்கவிட்டான். இரண்டாந்தரம் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி மறுபடியும் உணவைக் காட்டினான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கர்த்தர் அவனிடம் கேள்வி கேட்கிறார்.

அந்தக் கேள்வி இரண்டு முறை வருகிறது. எலியா இரண்டு முறையும் ஒரே முறையீட்டைச் சொல் மாறாமல் சொல்கிறான். "இதைத்தான் முன்பே சொன்னாயே" என்று கர்த்தர் குறுக்கிடவில்லை. பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேரைப் பற்றிய செய்தி கடைசியில்தான் வருகிறது. நாமோ அதை முதலில் எடுத்து நீட்டுகிறோம்: "உங்களைவிடப் பாடுபடுகிற ஊழியர்கள் எத்தனை பேர் தெரியுமா, ஐயா?" அதைக் கேட்டவர் இரண்டாந்தரம் நம்மிடம் வாய் திறப்பதில்லை.

இரண்டாவதாக, உங்கள் போதகர் உண்மையைச் சொல்ல விரும்பினால் யாரிடம் சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள். மூப்பர்களிடம் சொல்லலாம் என்றால், அவருடைய சம்பளத்தையும் குடியிருக்கும் வீட்டையும் தீர்மானிப்பவர்கள் அவர்கள். மேலதிகாரியிடம் சொல்லலாம் என்றால், அடுத்த இடமாற்றப் பட்டியல் அவர் கையில் இருக்கிறது. மற்ற போதகர்களோ, சந்தித்தவுடன் ஞானஸ்நானம் எத்தனை, வருகை எத்தனை என்று கேட்பவர்கள். சபையாரிடம் சொன்னால் மறுநாளே அது ஜெபக்குறிப்பாகிவிடும். ஜெபக்குறிப்பைவிட வேகமாகப் பரவும் செய்தி சபைகளில் கிடையாது என்பது ஊழியம் செய்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே, எந்தப் பக்கமும் ஆபத்தில்லாமல் அவர் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம் "தேவன் நல்லவர்" என்பதுதான். என் பார்வையில், ஊழியரின் சோர்வைப் பற்றிய பேச்சில் மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன: உண்மையைச் சொன்னால் எதையாவது இழக்கவேண்டியிருக்கும் என்ற நிலை இருக்கிறவரை, எந்த உதவியும் அவரிடம் போய்ச் சேராது.

பழைய விசுவாசி

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. செவிலியர்கள் களைப்படைகிறார்கள், விவசாயிகள் களைப்படைகிறார்கள், இரவெல்லாம் வாகனம் ஓட்டுகிறவர் களைப்படைகிறார். அவர்களில் எவரும் மாதக்கணக்கில் விடுப்புக் கேட்பதில்லை, கேட்டாலும் கிடைப்பதில்லை. ஊழியம் ஒரு அழைப்பு. பவுல் அப்போஸ்தலன் அடிபட்டார், கப்பற்சேதத்தில் இருந்தார், பட்டினி கிடந்தார். ஆலோசகரைத் தேடிப் போனதாக எங்கும் வாசிக்கவில்லை. ஜெபமும் உபவாசமும் குறைந்த இடத்தில்தான் 'எரிந்துபோதல்' (burnout, பணிச்சோர்வு) போன்ற இந்தப் புதுப்பெயர்கள் எல்லாம் நுழைகின்றன என்பது என் தாழ்மையான கருத்து.

மிஷனரிக் கள ஒருங்கிணைப்பாளர்

பழைய விசுவாசி ஐயா அவர்களுக்கு: பவுலை நீங்களே அழைத்து வந்ததால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகுமளவுக்குப் பாரமடைந்ததாக 2 கொரிந்தியர் 1-ஆம் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். மக்கெதோனியாவுக்கு வந்தபோதும் சரீரத்தில் இளைப்பாறுதல் இல்லை, புறம்பே போராட்டங்கள், உள்ளே பயங்கள் என்கிறார். சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்கிற தேவன் அங்கே அவருக்கு எப்படி ஆறுதல் செய்தார்? உடன் ஊழியனாகிய தீத்து வந்து சேர்ந்ததினாலே. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், தேமா விட்டுப்போனான், லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான், துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்று கேட்கிறார். ஆள் வேண்டும், குளிருக்கு அங்கி வேண்டும், வாசிக்கப் புத்தகம் வேண்டும் என்று ஒரு அப்போஸ்தலர் வாய்விட்டுக் கேட்டார். அதைக் கேட்க அவருக்கு இடம் இருந்தது.

நான் களத்திலிருக்கும் மிஷனரிகளோடு வேலை செய்கிறவன். ஓய்வுபெற்ற போதகர் ஐயா சொன்ன சிக்கல் அங்கே இன்னும் கூர்மையாக இருக்கிறது, அதன் பெயர் ஜெபக்கடிதம். தாங்குகிறவர்களுக்கு மாதந்தோறும் அனுப்பும் அந்தக் கடிதத்தில் நற்செய்தி குறைந்தால் காணிக்கை குறையும் என்று மிஷனரி அஞ்சுகிறார். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவர் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டிய வரைவில் "இந்த மாதம் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை" என்று ஒரு வரி இருந்தது. தாங்குகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்த கடிதத்தில் அந்த இடத்தில் "தேவன் எங்களை ஒரு காத்திருப்பின் காலத்தில் நடத்துகிறார்" என்று இருந்தது.

ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் இந்தியாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சிறு மகன் பீட்டர் இறந்தான். மனைவி டாரதி மனநோயில் விழுந்து, 1807-இல் இறக்கும்வரை மீளவில்லை. அவருடைய ஊழியத்தில் முதல் இந்திய விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளுக்கு இன்றைய மாதாந்திர அறிக்கைப் படிவத்தை அவரிடம் கொடுத்திருந்தால் எதை எழுதியிருப்பார்? அவருக்கு இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஃபுல்லர் இருந்தார். கேரி சுரங்கத்துக்குள் இறங்குகிறார், நாம் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதுதான் அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். 1815-இல் இறக்கும்வரை ஃபுல்லர், கேரியை அனுப்பின பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் செயலராக இருந்து அந்தக் கயிற்றை விடவில்லை. பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனின் கதை இதைவிடக் கடினமானது. 1826-இல் மனைவியையும், சில மாதங்களில் சிறு மகளையும் இழந்த அவர், பிறகு காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, தாமே ஒரு குழியை வெட்டி அதன் அருகே உட்கார்ந்திருந்தார். பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை 1834-இல் நிறைவு செய்தவரும் அவரேதான். ஆகையால் ஒருவர் குழியருகே உட்கார்ந்திருக்கும் காலத்தை வைத்து அவருடைய அழைப்பை அளந்துவிட வேண்டாம்.

உலக சுவிசேஷ ஐக்கியத்தின் மிஷன் ஆணையம் 1990-களில், மிஷனரிகள் ஏன் களத்தை விட்டுத் திரும்புகிறார்கள் என்று 14 நாடுகளில் ஆராய்ந்தது. புதிதாக மிஷனரிகளை அனுப்பத் தொடங்கிய நாடுகளில் முன்னணியில் நின்ற காரணங்களுள் ஒன்று, அனுப்பின இடத்திலிருந்து போதிய தாங்குதல் இல்லாமை. தாங்குதல் என்றதும் நம் கை சட்டைப்பைக்குப் போகிறது. பணம் தேவைதான். ஆனால் விடுமுறையில் ஊர் திரும்பும் மிஷனரியை வாரத்துக்கு ஒரு சபை வீதம் சாட்சி சொல்ல அலையவிட்டுவிட்டு அதற்கு ஓய்வு என்று பெயர் வைப்பதை என்னவென்று சொல்வது? திரும்பியவுடன், அமைப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் அவரோடும், தனியே அவர் மனைவியோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கேட்கவேண்டும்; அங்கே பேசப்பட்டது அமைப்பின் கோப்புக்குள் போகக் கூடாது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவக் காப்பீடு, முதுமைக்கான சேமிப்பு ஆகியவற்றைத் தனியே விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அவை தீராமல் எந்த ஆலோசனையும் பயன்படாது.

மருத்துவர் (சபை அங்கத்தினர்)

பழைய விசுவாசி ஐயா குறிப்பிட்ட "புதுப்பெயர்" பற்றி மட்டும் சில செய்திகள். எரிந்துபோதல் என்ற கருத்தை 1974-இல் எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஏழைகளுக்கான ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களிடம் அவர் இதைக் கண்டார். வேலையைத் தட்டிக்கழித்தவர்களிடம் காணவில்லை. அளவுக்கு மீறி அர்ப்பணித்தவர்களிடம்தான் கண்டார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதற்கு மூன்று முகங்கள் உண்டு என்று விளக்கினார்: உணர்வு வற்றிப்போதல், மனிதர்களிடமிருந்து மனம் விலகிப்போதல், தான் செய்வதில் பயன் ஏதுமில்லை என்ற எண்ணம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று வகைப்படுத்தாமல், சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவு என்றே வகைப்படுத்தியது. அதாவது, ஆளை மட்டும் பார்க்காதீர்கள், வேலை அமைந்திருக்கும் விதத்தையும் பாருங்கள் என்று பொருள். மோசேயின் மாமன் எத்திரோ யாத்திராகமம் 18-இல் செய்ததும் இதுதான். காலைமுதல் மாலைமட்டும் ஜனங்கள் நின்ற வரிசையைப் பார்த்தார், மருமகனின் ஜெபஜீவியத்தை விசாரிக்கவில்லை.

அந்த இரண்டாவது முகத்தைத்தான் சபைகள் தவறாகப் புரிந்துகொள்கின்றன. வாசலில் நிற்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவரைப் பெருமை பிடித்தவர் என்று சொல்லிவிடுவார்கள். இன்னும் ஒருவருடைய துக்கத்தைக் கேட்டால் தாங்காது என்ற நிலையில் மனம் தானாகவே கதவைச் சாத்துகிறது.

ஆனால் எல்லாச் சோர்வையும் இந்தப் பெயரிலேயே அடைத்துவிடுவதும் ஆபத்து. வேலையை விட்டு விலகி இருக்கும்போது மனம் ஓரளவு லேசாகிறது என்றால் அது பெரும்பாலும் பணிச்சோர்வு. ஓய்விலும் தூக்கம் வராமல், அல்லது எவ்வளவு தூங்கினாலும் போதாமல், பிடித்தமானவற்றிலும் விருப்பமற்று, காரணமில்லாத குற்றவுணர்வு வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, கட்டுக்குள் வராத நீரிழிவு ஆகியவையும் இதே தோற்றத்தில் வரும் என்பதால், முதலில் ஒரு மருத்துவப் பரிசோதனை நல்லது. ஊழியர் என்பதால் இந்த நோய் விலகிப் போவதில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவின் ஐக்கிய மெதடிஸ்ட் போதகர்களிடம் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2008-இல் எடுத்த ஆய்வில், 8.7 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. அந்நாட்டின் பொது அளவு 5.5 சதவீதம்.

"நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது" என்பதுபோல் அவர் பேசினால், சாவைப் பற்றி யோசிக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜெபத்தை வழியில் செய்துகொள்ளலாம்.

பழைய விசுவாசி ஐயாவுக்கு இன்னும் ஒன்று. 1856 அக்டோபரில், லண்டனின் பேர்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் பிரசங்கித்துக்கொண்டிருந்த அரங்கில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கூவ, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வு அவரை விட்டுவிட்டுப் பிடித்தது. தம்மிடம் படித்த ஊழிய மாணவர்களுக்கு அதைப் பற்றி மறைக்காமல் ஒரு விரிவுரையே ஆற்றினார். ஜெபம் குறைந்தவர் என்று அவரைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது.

ஒரு போதகரின் மனைவி

நான் அதிகம் எழுதுவதில்லை. இந்த இழையைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை இரவு என் கணவர் பிரசங்கக் குறிப்போடு உட்கார்ந்திருப்பார். தொலைபேசி அடிக்கும். எடுப்பதற்கு முன் ஒரு கணம் கண்ணை மூடித் தொண்டையைச் சரிசெய்துகொள்வார்; பிறகு "சொல்லுங்கள் சகோதரா" என்று வரும் குரலில் களைப்பின் சாயல்கூட இருக்காது. அந்த ஒரு கணத்தைப் பார்க்கிறவள் நான் மட்டும்தான். சபை பார்ப்பது அதற்குப் பின் வரும் குரலை.

செயலர் ஐயா, பாராட்டு விழா வேண்டாம். அன்றைக்கும் அவர் சிரித்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கும், மறுபேச்சு ஆற்றவேண்டியிருக்கும். எங்களை அரித்தது வேலையின் அளவுகூட அல்ல. சபையில் இரண்டு குடும்பங்களுக்குள் நீண்டகாலப் பகை; இருவரும் தங்கள் பக்கம் நில்லுங்கள் என்று மாறி மாறி வந்தார்கள். நடுவில் கையெழுத்தில்லாத கடிதங்கள் வரத் தொடங்கின. மூப்பர்கள் எல்லாரும் அறிந்திருந்தும், "போதகர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிட்டார்கள். ஒரே ஒரு மூப்பர் அந்தக் குடும்பங்களின் வீட்டுக்குப் போய், "இனி இதை என்னிடம் பேசுங்கள்" என்று சொல்லியிருந்தால், அது எத்தனை பொன்னாடைகளுக்குச் சமம்! பெயர் போடாத கடிதங்கள் போதகரின் மேசைக்குப் போகவே கூடாது என்று உங்கள் மூப்பர்கள் முடிவெடுக்கலாம், செலவில்லாத காரியம்.

இன்னொரு வேண்டுகோள். "என்ன உதவி வேண்டும், சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். களைத்தவரால் அதை யோசித்துச் சொல்லக்கூட முடியாது. "வருகிற இரண்டு மாதம் மருத்துவமனைச் சந்திப்புகளை நாங்கள் மூவர் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள், பிறகு செய்யுங்கள். போதகரின் மனைவி சம்பளமில்லாத இரண்டாவது ஊழியர் என்பதையும் யாராவது நினைவில் வைத்தால் நலம். அவளையும் ஒருவர் தனியே கேட்கட்டும்.

சபைச் செயலர்

அனைவருக்கும் மிகுந்த நன்றி. அம்மா அவர்கள் எழுதியதை வாசித்தபோது, எங்கள் சபையிலும் அப்படி ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. மூப்பர்களிடம் பேசினேன். மூன்று மாத முழு ஓய்வு கொடுக்கலாம் என்பதில் பெரும்பாலோர் இணங்கிவிட்டார்கள். சபைக்கு என்ன சொல்வது, காணிக்கை குறைந்தால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் மனம் திறந்து பேச யாரை ஏற்பாடு செய்வது என்பவை நிற்கின்றன.

பழைய விசுவாசி

மருத்துவர் ஐயாவின் கருத்துகளை ஏற்கிறேன். ஸ்பர்ஜனைப் பற்றி இதை நான் அறியவில்லை. ஆயினும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சோர்வு என்ற போர்வைக்குள் பாவமோ, பண விஷயத்தில் முறைகேடோ, வெறும் சோம்பலோ ஒளிந்திருந்தால்? பேசுவதெல்லாம் இரகசியம் என்று கதவைச் சாத்திவிட்டால் சபை யாரிடம் கணக்குக் கேட்கும்?

ஓய்வுபெற்ற போதகர்

நியாயமான கேள்வி, ஐயா. விசாரிக்கிறவரும் தேற்றுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதே என் பதில். கணக்கு கேட்பது மூப்பர்களின் கடமை. சோர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஆண்டு முழுவதும் ஒழுங்காக நடக்கட்டும். செவிகொடுப்பதற்கு இன்னொருவர் வேண்டும்: வேறு சபைப்பிரிவைச் சேர்ந்த மூத்த ஊழியரோ, பயிற்சி பெற்ற ஆலோசகரோ, உங்கள் சபையில் வாக்குரிமையோ பதவியோ இல்லாதவர். அவரை உங்கள் போதகரே தேர்ந்துகொள்ளட்டும், செலவைச் சபை ஏற்கட்டும், மூப்பர்கள் அவரிடம் எந்த அறிக்கையும் கேட்கவேண்டாம். உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு ஆகிய இரண்டில் மட்டும் இரகசியம் கிடையாது என்று தொடக்கத்திலேயே மூவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பார்னா ஆய்வு நிறுவனம் 2022 மார்ச்சில் புராட்டஸ்டண்ட் போதகர்களைக் கேட்டபோது, முந்தைய ஓராண்டில் முழுநேர ஊழியத்தை விட்டுவிட நினைத்ததாக 42 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களில் 56 சதவீதம் பேர் பணியின் அழுத்தத்தையும், 43 சதவீதம் பேர் தனிமையையும் காரணமாகச் சொன்னார்கள். ஆயிரம் பேர் நடுவில் நிற்கிறவருக்குத் தனிமையா என்று வியப்பவர்கள் உண்டு. ஊழியத்தில் இருந்தவர்கள் வியக்கமாட்டார்கள்.

சபைக்கு அறிவிப்பதைப் பொறுத்தவரை, உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: நம் போதகர் களைத்திருக்கிறார், மூப்பர்களாகிய நாங்கள் அவருக்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம், இன்ன தேதிவரை இன்னின்ன காரியங்களுக்கு இன்னாரை அழையுங்கள். "தனிப்பட்ட காரணங்களால்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பும். சம்பளம் முழுமையாகப் போகட்டும், காணிக்கை குறைந்தாலும் போகட்டும். ஓய்வுக்காலத்தில் அவர் வேறு சபையில் பின்வரிசையில் உட்கார்ந்து ஆராதிக்க விரும்பினால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டாம்.

திரும்பி வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கிக்கக் கூடாது. குடும்பத்தோடு உட்காரட்டும். எண்ணாகமம் 11-இல், "இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக்கூடாது" என்று மோசே கதறியபோது, கர்த்தர் அவருக்குப் பலத்தைக் கூட்டவில்லை. எழுபது மூப்பரை எழுப்பிப் பாரத்தைப் பகிர்ந்தார். அந்த எழுபது பேரும் ஒரு பருவம் சுமந்துவிட்டு மோசேயிடம் திருப்பிக் கொடுத்ததாக நான் வாசிக்கவில்லை. உங்கள் சபையில் இந்த மூன்று மாதமும் பிறர் எடுத்துச் செய்யப்போகும் வேலைகளில் எவை அவரிடம் திரும்பவே கூடாது என்பதை, அவர் வருவதற்கு முன்பே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரைப் போட்டுவிடுங்கள்.

சபைச் செயலர்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு போகிறேன், ஐயா. அந்த வழக்குக்கு எதிரே என் பெயரை எழுதிவிட்டேன். மருத்துவமனைச் சந்திப்புகளுக்கு இருவர் முன்வந்திருக்கிறார்கள், மூன்றாவது இடம் இன்னும் காலியாக இருக்கிறது.